திலகவதியின் நாலாம் அத்தியாயம்

ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவுவது வசந்தகுமாரின் வேலை. யாரும் ஒதுக்கிக் கொடுத்ததல்ல. மனைவி திலகவதி பி.எச்.டி.க்குப் பதிவு செய்த வருஷம் அது எப்படியோ அவர் கைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டது. ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிற மீன் வண்டி கீரமங்கலத்தில் அவர்கள் தெருவுக்குள் திரும்பும்போது மணி எட்டு இருக்கும். அன்று கெளுத்தி வாங்கியிருந்தார். கொல்லைக் குழாயடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து முள்ளை வெட்டி, செவுளைப் பிய்த்து, வயிற்றைக் கீறினார். குடல் பழைய பெயின்ட் டப்பாவுக்குள் போனது. சினையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தார். சினை திலகவதிக்கு.

திலகவதி கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் மேஜையைப் போட்டு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். வழக்கமாக அந்நேரத்துக்கு மிளகாய்த்தூளையும் உப்பையும் கலந்து தட்டில் தயாராக வைத்திருப்பாள்.

"என்ன, சத்தத்தவே காணோம்?" என்றார் வசந்தகுமார் வெளியிலிருந்து.

"ஒரு மெயில் வந்திருக்குங்க. கோயம்புத்தூர்லேர்ந்து, ஆராய்ச்சி பண்ற பொண்ணு. நம்ம இருபத்தேழ லேப்ல செஞ்சு பாக்கப் போறாளாம்."

"அட்ரா சக்க! இருபத்தேழுக்கு யோகந்தான்."

"ஒரு கேள்வி கேட்டிருக்கா."

"கேக்கட்டுமே. பதில் சொல்லத்தானே இத்தன வருசமாப் படிக்கிற?"

திலகவதி திரும்பவும் மெயிலை முதல் வரியிலிருந்து படித்தாள்.

இருபத்தேழு என்று அந்த வீட்டில் சொல்லப்படுவது ஒரு மூலக்கூறு. இதுவரை எந்தக் குடுவையிலும் இருந்ததில்லை; திலகவதியின் லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது. முழுப்பெயர் ஜி.கே.27. ஜி.கே. என்றால் கந்தர்வக்கோட்டை. அவள் பிறந்தது அங்கே. சின்ன வயதில் முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்தால் ஓட்டிலிருந்து வழிகிற எண்ணெய் பட்டு விரல்நுனியெல்லாம் தோல் உரிந்து போகும். அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு டீச்சர், "முந்திரி எண்ணெய்தான் இருக்கு, ஒக்காரு" என்றார். எம்.எஸ்சி. படிக்கும்போதுதான் அதில் இருக்கிற அமிலத்தின் பெயரும் உருவமும் தெரிந்தது. அந்த உருவத்தை அடிப்படையாக வைத்து, இங்கே ஒரு கையைக் கூட்டி, அங்கே ஒரு வாலைக் குறைத்து, அறுபத்திரண்டு புதிய மூலக்கூறுகளை வரைந்திருந்தாள். அவள் வேலை பார்க்கிற சுயநிதிக் கல்லூரியின் பிள்ளைகள் ஜி.கே. என்பதைப் பொது அறிவு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வரைந்தது டெங்குவுக்காக. 2017-இல் வசந்தகுமார் டெங்குக் காய்ச்சலில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே வந்தது. "இதுக்குன்னு மருந்து இல்லையா சார்?" என்று திலகவதி கேட்டபோது டாக்டர், "தனியா மருந்து கெடையாதும்மா. தண்ணிச்சத்து கொறையாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான்" என்றார். வசந்தகுமார் பிழைத்து வந்து, ஒரு வாரத்தில் தன் மோட்டார் ரிப்பேர் கடையைத் திறந்து, போர்வெல் மோட்டார் தூக்கவும் போய்விட்டார். ஏன் மருந்து கிடையாது என்பது மட்டும் திலகவதியின் மனதில் நின்றுகொண்டது.

காரணம் தேடிப் படித்தாள். டெங்கு வைரஸ் உடம்புக்குள் நுழைந்ததும் தனக்கு வேண்டிய புரதங்களை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. ஒரே நீளமாகச் செய்துகொள்கிறது, பூக்கடையில் முழம் போடுவதற்கு முன்னால் கிடக்கிற சரம்போல. அதைத் துண்டு போடுகிற கத்தி ஒன்றையும் வைரஸே கொண்டுவருகிறது. அந்தக் கத்திதான் புரோட்டியேஸ் என்கிற நொதி. கத்தியின் வாயில் பொருத்தமான சின்ன மூலக்கூறு ஒன்றைச் செருகிவிட்டால் சரம் துண்டாகாது; வைரஸ் பெருக முடியாது. எச்.ஐ.வி.க்கும் கொரோனாவுக்கும் இந்த வழியில் மாத்திரை வந்துவிட்டது. டெங்குவுக்கு இன்னும் வரவில்லை.

எந்த மூலக்கூறு பொருந்தும் என்று முதலில் கணினியில் செருகிப் பார்ப்பார்கள். டாக்கிங் என்று பெயர். பொருத்தத்துக்கு ஏற்ப ஒரு மைனஸ் எண் வரும். எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. அறுபத்திரண்டில் இருபத்தேழாவதற்கு மைனஸ் ஒன்பது புள்ளி எட்டு வந்தது. அதை வைத்து ஒரு கட்டுரை வெளியானது. ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயமும் அதுதான். மார்ச் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் நீட்டிப்புக் கிடையாது. டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்கு ஜூனிலிருந்து வகுப்பு இல்லை என்று கல்லூரி நிர்வாகமும் சொல்லிவிட்டது. அன்று தேதி பிப்ரவரி 9.

கோயம்புத்தூர்ப் பெண் மரியாதையாகத்தான் கேட்டிருந்தாள். புரோட்டியேஸ் தனியாக வேலை செய்யாது. அதைச் சுற்றி இடுப்புப் பட்டைபோல ஒரு துணைப்புரதம் இருக்கும். உங்கள் படத்தில் இருபத்தேழு அந்தப் பட்டையை ஓர் இடத்தில்கூடத் தொடவில்லையே, பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது மேடம்?

பட்டையைப் பற்றித் திலகவதிக்குத் தெரியாமல் இல்லை. அவளே முதல் அத்தியாயத்தில் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: துணைப்புரதம் சேராமல் இந்த நொதி இயங்காது. நாலாம் அத்தியாயத்துப் படத்தைத் திறந்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கத்தி இருந்தது. அதன் முதுகோரம் நீளமான பள்ளம் ஒன்று இருந்தது. பள்ளத்தின் வாய்ப்பக்க முனையில் இருபத்தேழு அழகாகப் படுத்திருந்தது. பட்டை எங்கேயும் இல்லை.

அவள் வைத்திருந்தது 'கிளீன்' என்று பெயரிட்ட ஃபைல். நெறியாளர் அடைக்கலம் சாரிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் ஒரு பென் டிரைவில் அது கிடைக்கும். வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பார்கள். கோவிலில் கொடுத்த திருநீற்றை யாரும் பிரித்து ஆராய்வதில்லை அல்லவா, அப்படித்தான் அதுவும். உலகத்துக்குப் பொதுவான தரவுத்தளத்தில் அந்தப் புரதத்தின் மூலப்படம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது. திலகவதி அதை முதல்தடவையாக இறக்கிப் பார்த்தாள். ஏ, பி, சி, டி என்று நான்கு சங்கிலிகள். பி கத்தி. ஏ அதைச் சுற்றிய பட்டை. சி, டி இரண்டும் அதே ஜோடியின் இன்னொரு நகல். அவள் கையிலிருந்த ஃபைலில் பி மட்டும் இருந்தது.

ஃபைலைத் தயாரித்தவன் சரவணக்குமார். அடைக்கலம் சாரின் முதல் மாணவன். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் துறைத்தலைவர். அப்போதே போன் போட்டாள்.

"சொல்லுங்கக்கா, தீசிஸ் பைண்டிங் போயாச்சா?"

"சரவணா, கிளீன் ஃபைல்ல ஏ சங்கிலிய எடுத்தது யாரு?"

"எந்தக் கிளீன் ஃபைலு? ஏக்கா, பன்னண்டு வருசம் முன்னாடி செஞ்சது." கொஞ்சம் யோசித்தான். "நாலு இருந்துச்சு. சாரு, நாலும் காப்பிதான், ஒன்னு போதும்னாரு. பெரிசாப் பாத்து ஒன்ன வச்சேன். ஏங்க்கா?"

"நாலும் காப்பி இல்ல. ரெண்டு ரெண்டு."

எதிர்முனையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸில்தான் இருந்தான் போலிருக்கிறது.

"அக்கா, நான் அத வச்சுத்தானே பட்டம் வாங்கியிருக்கேன். எனக்கப்பறம் மூணு பேரு வாங்கியாச்சு."

"தெரியும்டா."

"நீங்களும் வாங்கிட்டுப் பேசாம இருங்கக்கா. யாரு இதெல்லாம் பாக்குறா?"

"ஒரு புள்ள பாத்துட்டா" என்றாள் திலகவதி.

வசந்தகுமார் சட்டியோடு உள்ளே வந்தபோது அவள் கன்னத்தில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மீனை அவரே அடுப்புப் பக்கத்தில் வைத்து, அவரே மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடி எடுத்தார்.

"என்னதான் ஆச்சு?"

"குடல எறியச் சொன்னா சினையவும் சேத்து எறிஞ்சிருக்கோம்ங்க. பன்னண்டு வருசமா."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். "புரியிற மாரி சொல்லு."

சொன்னாள். வசந்தகுமார் பத்தாம் வகுப்பு. ஆனால் ஏழு வருஷமாக இந்தக் கத்தியையும் அதன் வாயையும் பற்றிக் கேட்டுக்கேட்டு, கடையில் மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றும்போது அடுத்தவருக்கு விளக்கம் சொல்கிற அளவுக்கு வந்திருந்தார்.

"அப்ப இருபத்தேழு போய்ப் படுத்திருக்கிறது கத்தியோட வாயில இல்ல."

"பாதி வாயி, பாதி பட்ட வார எடம். பட்டைய எடுத்துட்டதால எடம் காலியா இருந்துச்சு. காலி எடத்துல எது வேணாலும் ஒக்காரும்."

"பட்டைய வச்சு மறுபடி செருகிப் பாத்தா?"

"பாத்தாத்தான் தெரியும்."

"பாரு அப்ப. ஞாயித்துக்கெழம முழுசாக் கெடக்கு" என்றார், மிளகாய்த்தூளைக் கொட்டியபடி. உப்புப் போட மறந்துவிட்டார். அன்றைக்கு மீன் உப்பில்லாமல்தான் இருந்தது. சினையையும் திலகவதி பாதிதான் சாப்பிட்டாள்.

பழைய லேப்டாப் அது. ஒரு மூலக்கூறுக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. அறுபத்திரண்டையும் ஓட்டிமுடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. திலகவதி கல்லூரிக்குப் போன நேரத்தில் வசந்தகுமார் அதைத் தன் கடைக்குத் தூக்கிப் போய், இன்வெர்ட்டரில் மாட்டி, காயில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். மணிக்கொரு தடவை வாட்ஸ்அப்பில் 'ஓடுது' என்று செய்தி வரும். ஒருநாள் 'நின்னுருச்சு' என்று வந்தது. திலகவதி வகுப்பிலிருந்து போன் செய்ய, "கரண்டு போயி, இன்வெர்ட்டரும் எறங்கிப் போச்சு. இப்ப வந்துருச்சு. நீ சொன்ன மாரி அந்தக் கறுப்பு எடத்துல அதே வரிய அடிச்சேன், ஓடுது. பாடத்த நடத்து போ" என்றார்.

முதலில் அவள் ஓட்டியது தன் மூலக்கூறு எதையும் அல்ல. அந்த மூலப்படத்திலேயே நொதியின் வாயில் சிக்கிய நிலையில் வேறொரு சின்ன மூலக்கூறு இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கணினியைத் திரும்ப வைக்கச் சொன்னால், சரியான ஃபைல் என்றால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். பட்டையோடு ஓட்டியபோது கிட்டத்தட்ட அதே இடத்தில் வைத்தது. 'கிளீன்' ஃபைலில் ஓட்டியபோது எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. ஒரே நாளில் முடிகிற சோதனை. ஆய்வகத்தில் யாரும் செய்யவில்லை. அவளும்தான் செய்யவில்லை.

பதினோராம் நாள் முடிவு வந்தது. இருபத்தேழுக்கு மைனஸ் ஆறு புள்ளி இரண்டு. வரிசையில் முப்பத்து நாலாவது. முதலாவதாக வந்த ஒன்பதாவது மூலக்கூறுக்கு மைனஸ் ஏழு புள்ளி ஒன்று. அதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவள் வரைந்த அறுபத்திரண்டில் அந்தக் கத்தியை நிறுத்தக்கூடியது ஒன்றும் இல்லை.

"ஒன்னுமேவா இல்ல?" என்றார் வசந்தகுமார்.

"ஒன்னும் இல்ல."

கடையில் உட்கார்ந்து மோட்டார் காயிலுக்குக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "வடகாட்டுல ஒருத்தருக்கு மோட்டார் எறக்குனேன், ஞாபகம் இருக்கா? நானூறடி எறக்கிட்டு வீட்டுக்கு வந்து பாத்தா, பைப்பு மூட்டுக்கு நான் வெட்டி வச்ச ஒரு வாசரு பையிலயே கெடக்கு."

"மறுநாள் போயி நானூறடியும் தூக்குனீங்க."

"சொல்லாம விட்டிருந்தா ஒரு வருசம் ஓடியிருக்கும். அப்பறம் அவரு வேற ஒருத்தனக் கூட்டியாந்து தூக்கியிருப்பாரு. வாசரு இல்லன்னு அவன் பாத்துருப்பான்."

"நான் தூக்கிட்டேங்க. எழுதவும் ஆரம்பிச்சிட்டேன். நான் யோசிக்கிறது சாரப் பத்தி."

அடைக்கலம் சார் கெட்ட மனிதர் அல்ல. முப்பத்தேழு வயதில், கைக்குழந்தை இல்லை என்றாலும் பள்ளிக்கூடம் போகிற மகளோடு, சேர இடம் தேடி மூன்று கல்லூரி ஏறி இறங்கிய திலகவதியை, "வேல பாத்துக்கிட்டே பண்ணுங்க, என்ன இப்ப" என்று சேர்த்துக்கொண்டவர். கொரோனாக் காலத்தில் சொந்தச் செலவில் இணையதளப் படிப்புக்குப் பணம் கட்டிக் கொடுத்தவர். வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். புதுக்கோட்டைக் கல்லூரியில் அவர் அறையில், பொன்னாடையோடு அவர் நிற்க மாணவர்கள் பட்டத்தோடு பக்கத்தில் நிற்கிற நாலு படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். ஐந்தாவதற்கு ஆணி அடித்தாயிற்று.

மார்ச் 17-ஆம் தேதி காலை ஆலங்குடி வழியாகப் பஸ் பிடித்துப் போனாள். பையில் இரண்டு ஆய்வேடுகள் இருந்தன. ஒன்று பழையது, ஜனவரியிலேயே பைண்டிங் ஆனது. இன்னொன்று புதியது; நாலாம் அத்தியாயம் மாறியிருந்தது. இரண்டிலும் நெறியாளர் சான்றிதழ்ப் பக்கம் கையெழுத்துக்காகக் காலியாக இருந்தது.

"வாங்க திலகவதி. இன்னக்கி நல்ல நாளுன்னு பாத்துத்தான் வந்திருக்கீங்க" என்று சார் பேனாவைத் திறந்தார். அவளிடமிருந்து எல்லாவற்றையும் ஏற்கெனவே போனில் கேட்டிருந்தார். இருந்தாலும் பழையதை இழுத்துச் சான்றிதழ்ப் பக்கத்தைப் பிரித்தார்.

"அது வேணாம் சார்."

பேனா நின்றது. "டாக்கிங்குங்கிறது ஒரு யூகந்தானேம்மா. இத வச்சு நாளைக்கே எவனும் மாத்திர போட்டு விக்கப் போறதில்ல."

"கோயம்புத்தூர்ல அத செய்யப் போறாங்க சார். ஒரு வருசம் அந்தப் பொண்ணோட வேல அது."

"சரி, இப்பிடிப் பண்ணுங்க." சார் முன்னால் சாய்ந்தார், வகுப்பு எடுக்கும்போது வருகிற சுறுசுறுப்பு வந்துவிட்டது. "பட்ட வார எடத்துலதானே இருபத்தேழு ஒக்காருது? அப்ப அது பட்டைய சேரவிடாமத் தடுக்குதுன்னு எழுதுங்க. வாய அடைக்கிறது ஒரு வழின்னா, பட்டையப் பிரிக்கிறது இன்னொரு வழி. அப்பிடித் தேடுறவங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கத்துல முடிஞ்சிரும்."

"நானும் யோசிச்சேன் சார். கத்தியும் பட்டையும் சேந்தேதான் பொறக்குது. இறுக்கிக் கட்டுன பட்டைய இது எப்பிடி அவுக்கும்னு வைவாவுல கேட்டா என்கிட்ட பதில் இல்ல. நான் அத ஆராயவே இல்லையே."

சார் சிரித்தார். "கெட்டிக்காரிதான்." புதியதை எடுத்து நாலாம் அத்தியாயத்தைப் பிரித்துப் படித்தார். வேகமாகப் படிக்கவில்லை. பட்டியலில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். "ஒன்னும் ஒட்டலைன்னு முடிச்சிருக்கீங்க. இதுக்கும் பட்டம் குடுப்பாங்க. நெறய மாத்தி ஓட்டியிருக்கீங்க, சோதன பண்ணியிருக்கீங்க. நல்லாவே இருக்கு." பக்கத்தைப் புரட்டியவர் நின்றார். அத்தியாயத்தின் கடைசிப் பத்தி அது. முந்தைய கட்டுரையில் பயன்படுத்திய ஃபைலில் துணைப்புரதம் தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது; அதே ஃபைலைக் கொண்டு பெறப்பட்ட மற்ற முடிவுகளையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

"இந்தப் பாரா மட்டும் வேணாம்மா. மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கட்டும். இப்பவே போட்டுத் தாரேன்."

"அது இல்லாட்டி அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் எழுதுறது சார்?"

"தனியா ஒரு மெயில் போட்டுருங்க. நீங்களும் அவளும் பேசிக்கிறது. ஆய்வேட்டுல எதுக்கு?" சுவரைப் பார்க்காமல் கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினார். "சரவணன் துறைத்தலைவரு. ஒருத்தி கவுர்மெண்ட்ல சேந்துட்டா. நாலு குடும்பம்மா. நாலும் காப்பின்னு சொன்னது நாந்தான். நீங்க ஏன் அவங்கள இழுக்குறீங்க?"

"பேரு யாரோடதும் போடல சார். என் பேரு மட்டுந்தான் இருக்கு. ஆனா அந்த ஃபைல் இன்னும் பென் டிரைவ்ல இருக்கு. நீங்க போனப்பறமும் குடுப்பாங்க."

சார் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். திலகவதிக்கு ஏழு வருஷம் முன்னால் கொடுத்த அதே நீல நிறம். தன் கணினியில் செருகி ஃபைலைத் திறந்தார். கத்தி திரையில் வந்தது. மவுஸைப் பிடித்து அதை மெதுவாகச் சுற்றினார். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு. முதுகோரத்துப் பள்ளம் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். திலகவதி புதிய ஆய்வேட்டின் சான்றிதழ்ப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். மின்விசிறி காற்றில் அது எழுந்து எழுந்து படிந்தது. ஸ்டேப்ளரை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"மார்ச் முப்பத்தொன்னு கடைசி நாள் சார்."

திரையில் கத்தி இன்னொரு சுற்றுச் சுற்றியது.

"அந்தப் பாராவோட கையெழுத்துப் போடுவீங்களா சார்?"

அவர் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. வெளியே நடையில் செய்முறைத் தேர்வுக்கு வந்த பிள்ளைகள் வரிசை எண் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். திலகவதி பழைய ஆய்வேட்டை எடுத்துப் பையில் வைத்தாள். புதியதை அவர் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு நகர்த்தி, பேனாவை மூடாமல் பக்கத்தில் வைத்தாள்.

"வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.